மண் புரவியும் சூளைத் தீயும்

குடகு மலையிலே தோன்றும் காவிரி எங்கள் முத்துப்பேட்டையை வந்தடையும்போது அதற்குக் காவிரி என்னும் பெயர் இருப்பதில்லை. கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்தின் அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் கிளைத்து, கோரையாறு என்றும் பாமணியாறு என்றும் பெயர் பூண்டு எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறது. வழியெல்லாம் வயல்களுக்கு வண்டலை வாரி வழங்கிய ஆறு, எஞ்சிய கடைசிப் பிடி மண்ணை எங்கள் அலையாத்திக் காட்டின் வேர்களுக்கிடையே வைத்துவிட்டுக் கடலோடு கலந்துவிடுகிறது. அந்த மண்ணை மிதித்து வளர்ந்தவன் நான். ஆயினும் மண்ணின் அருமையை நான் கற்றுக்கொண்டது எங்கள் ஊரில் அன்று. உப்பேறிய கடற்கரை மண் சூளைக்கு உகந்ததன்று. தெற்கே, அறந்தாங்கி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணி ஏற்று 1986-ஆம் ஆண்டில் சென்றேனே, அங்கேதான் மண்ணைப் பற்றிய முதற்பாடம் எனக்குக் கிடைத்தது.

அவ்வூர் எல்லையில் ஐயனார் கோயில் ஒன்று உண்டு. கோயிலின் முன்னே சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நின்றன. சில புதியவை, சில கால் ஒடிந்தவை, சில தலை இழந்தவை, வேறு சில செடி கொடிகளுக்குள் மறைந்து வெறும் ஓட்டுத் துண்டுகளாகிவிட்டவை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு அந்தக் காட்சி வருத்தத்தைத் தந்தது. 'இவ்வளவு உழைப்பும் இப்படி உடைந்து கிடக்கிறதே! கல்லிலே செய்திருக்கலாகாதா?' என்று எண்ணினேன். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உணர எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அக்கதையைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் இக்கலையின் பழமையைச் சிறிது நோக்குவோம். தமிழ் நாட்டுக் குயவர் பெரிய உருவங்களை வனையத் தொடங்கியது குதிரையில் அன்று, தாழியில். இறந்தோரை இட்டுப் புதைத்த முதுமக்கள் தாழிகள் ஆதிச்சநல்லூரில் ஏராளமாகக் கிடைத்தன. 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அங்கே அகழ்ந்து பார்த்தனர். ஒரு மனிதனைக் குந்தவைத்து அடக்கக்கூடிய பெருங்கலங்கள் அவை. புறநானூற்றிலே குயவனை விளித்துப் பாடிய பாட்டுகள் உண்டு. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார், அவன் புகழுக்கு ஏற்ற தாழியை வனைய உன்னால் இயலுமா என்று குயவனைக் கேட்கிறார். மற்றொரு பாட்டில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். பெரிதாகச் செய்ய முடியுமா என்ற கேள்வி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குயவன் முன் வைக்கப்பட்ட கேள்வி என்பது இதனால் விளங்கும்.

பின்னாளில் அக்கேள்விக்கு வேறு வடிவம் வந்தது. குதிரை தமிழ் மண்ணுக்கு உரிய விலங்கன்று. கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அயல்நாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பல மடிந்ததையும் எழுதிவைத்தார். அரசனுக்கே அரிதாகக் கிட்டிய அந்த விலங்கை ஏழை உழவன் தன் காவல் தெய்வத்துக்கு எவ்வாறு அளிப்பான்? தன் ஊர்க் குளத்து மண்ணால் அளித்தான். இரவிலே ஊரைச் சுற்றிவரும் ஐயனாருக்கு ஊர்தி வேண்டுமல்லவா? கோடிப் பொன் பெறும் குதிரையைப் பிடி மண்ணிலே படைத்தது எளியோர் கண்ட அறிவு என்றே நான் கருதுகிறேன்.

'பிடி மண்' என்று சொன்னது அணிக்காக அன்று. புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் புரவி எடுப்பு விழா நடக்க வேண்டுமானால், ஊர்ப் பெரியவர்கள் முதலில் வேளாருக்குப் பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணை அவர் கையிலே வைத்துவிட்டால் அதுவே ஒப்பந்தம். எழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்த மண்ணைத் தம் மண்ணோடு கலந்து வேளார் புரவி செய்யத் தொடங்குவார். பல ஊர்களில் அவரே கோயிற் பூசாரியுமாவார். ஸ்டீபன் இங்கிலிஸ் என்னும் ஆய்வாளர் இவ்வேளார்களின் தொழிலை நேரில் கண்டு எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-இல் வெளியிட்டது.

1987-ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுடைய தந்தையான வேளார் ஒருவர் ஏழடி உயரத்தில் புரவி ஒன்று செய்வதைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. குளத்துக் களிமண்ணை வெட்டி வந்து, கல் பொறுக்கி, நீர் தெளித்து ஊறவைத்தார். பின்பு ஆற்று மணலும் நெல் உமியும் தூவிக் காலால் மிதித்தார். எத்தனைப் பங்கு மண்ணுக்கு எத்தனைப் பங்கு உமி என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காலுக்குத் தெரியும், வாத்தியாரய்யா" என்றார்.

கால் அறிந்ததை நான் பின்னர் நூல்களில் படித்து அறிந்தேன். தனிக் களிமண் உலரும்போது நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். ஏழடிக் குதிரை ஒன்று உலர்வதற்குள் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ குறுகிவிடும். புறம் முன்னே உலர்ந்து அகம் பின்னே உலர்ந்தால் வெடிப்புக் காணும். மணல் சுருங்காது, ஆகவே மண்ணின் சுருக்கத்தை அது குறைக்கிறது. உமியோ ஈரத்தில் இருக்கும்போது நார்போல் நின்று மண்ணைப் பற்றிக்கொள்கிறது. தீயில் தான் எரிந்து மறைந்து நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகளின் வழியே நீராவி வெளியேறும். ஓடத் தொடங்கும் வெடிப்பும் துளையை அடைந்ததும் அங்கேயே நின்றுவிடும். வெவ்வேறு இயல்புடைய பொருள்களைச் சேர்த்து, எந்த ஒன்றிலும் தனியே இல்லாத வலிமையை உண்டாக்குவதைக் கலப்புப் பொருள் என்று இக்கால அறிவியலார் அழைக்கின்றனர். விமானமும் படகும் செய்யப் பயன்படும் கண்ணாடி இழைப் பொருளின் தத்துவமும் இதுவே. வைக்கோலும் உமியும் கலந்த மண் அதற்கு மூத்த உடன்பிறப்பு.

உருவம் அமைக்கும் முறையும் வியக்கத்தக்கது. நான்கு கால்களும் உள்ளீடற்ற குழாய்களாக முதலில் எழும்பின. ஒரு சாண் உயர்த்துவார். அது சற்று இறுகும்வரை காத்திருப்பார். மறுபடி ஒரு சாண் உயர்த்துவார். அடிப்பகுதி இறுகாமல் மேற்பகுதியை ஏற்றினால் எல்லாம் அமுங்கிவிடும். கால்களின் மேல் வயிறு, மண் திரிகளை வளையமாக அடுக்கி வளர்ந்தது. உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கி, வெளியே மறு கையால் பலகை கொண்டு தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனமாக்கினார். பானை தட்டுவதும் இவ்வாறே அல்லவா? அப்போதுதான் எனக்கு விளங்கிற்று: ஐயனார் புரவி சிற்பியின் வழியில் வந்ததன்று, குயவனின் வழியில் வந்தது, அது நான்கு கால் முளைத்த ஒரு பெருந்தாழி. கல்லைச் செதுக்குகிறவன் வேண்டாததை நீக்குகிறான். குயவனோ வெற்றிடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறான். வயிற்றிலும் கழுத்திலும் துளைகள் விட்டிருந்தார். காற்றும் ஆவியும் அடைபட்டால் சூளையில் குதிரை வெடிக்கும் என்றார்.

உலகில் வேறு இடங்களிலும் பெரிய மண்ணுருவம் செய்தோர் இவ்வுண்மையைக் கண்டிருக்கின்றனர். சீனத்தின் முதற் பேரரசன் கல்லறையருகே 1974-இல் கிணறு வெட்டிய உழவர்கள் கண்ட சுடுமண் படையில் வீரர் ஏறக்குறைய எண்ணாயிரவர். அவ்வீரர்களின் உடலும் உள்ளீடற்றதே. இத்தாலியில் வேயி என்னுமிடத்தில் 1916-இல் கிடைத்த அப்பல்லோ உருவம் ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கோயிற் கூரைமேல் நின்ற சுடுமண் சிலை. ஆனால் அவையெல்லாம் இன்று காட்சிச்சாலைப் பொருள்கள். அவற்றைச் செய்த மரபுகள் என்றோ அற்றுப்போயின. நம் வேளாரின் மரபோ என் கண்முன் மண் மிதித்துக்கொண்டிருந்தது.

பத்து நாள் நிழலிலும் பின்பு வெயிலிலும் உலர்ந்த புரவியை அவர் இடம் பெயர்க்கவில்லை. அது நின்ற இடத்தையே சூளையாக்கினார். சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, உடைந்த பானையோடுகளைச் செருகி, மேலே சேறு பூசி மூடினார். அந்திப் பொழுதில் கீழேயிருந்த சிறு வாயில்களில் தீ மூட்டினார். தொடக்கத்தில் அது தீ என்றே தோன்றவில்லை; வெறும் புகை. "அவசரப்பட்டா ஒடைஞ்சிரும்" என்று சொல்லி, ஈர வைக்கோலால் தணித்துக்கொண்டேயிருந்தார். அவர் அஞ்சியது மண்ணில் ஒளிந்த ஈரத்தை. நூறு பாகையில் அது ஆவியாகும். விரைந்து ஆவியானால் சுவரைப் பிளக்கும். 450 பாகைக்கும் 600 பாகைக்கும் இடையே களிமண்ணின் உட்பொருளோடு பிணைந்த நீரும் விடைபெறும். அதன் பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீண்டும் சேறாகாது. 573 பாகையில் மணற்குருணை சற்றே பருக்கும். அவ்வேளையில் வெப்பம் துள்ளலாகாது. இவ்வெண்கள் எவற்றையும் அவர் அறியார். புகையின் நிறம் வெளுத்ததும் வாயில்களை அகலத் திறந்தார்.

நள்ளிரவில் சேற்றுப் போர்வை வெடித்த இடங்களிலெல்லாம் செந்தீ தெரிந்தது. அந்த இருளில், நெருப்பாலான குதிரையொன்று நிலத்தினின்று எழுந்து நிற்பதுபோல் ஒரு தோற்றம். ஊரே சுற்றி நின்றது. எவரும் பேசவில்லை. வெப்பத்தைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருந்த நான் அன்றுதான் வெப்பத்தைக் கண்டேன்.

கண்டதோடு நில்லாமல் அதனைக் காத்திருக்க வேண்டும். நான் அவ்வாறு செய்யவில்லை. 1996-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் கூடி, ஆண்டுதோறும் மண் புரவி செய்வதா, ஒரேயடியாகச் சிமெண்டிலே பெரிய குதிரை ஒன்று எழுப்பிவிடுவதா என்று ஆராய்ந்தனர். படித்தவர் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டனர். குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் முன்னே சுமார் 33 அடி உயரம் என்று சொல்லப்படும் குதிரைச் சிலை இருப்பதையும், மாசி மகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் குவிவதையும் சொன்னேன். "அழியாத ஒன்றைச் செய்யுங்கள், உடைவதற்கு ஏன் ஆண்டுதோறும் செலவு செய்கிறீர்கள்?" என்றேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த வேளார் ஒரு சொல்தான் சொன்னார்: "ஒடையட்டும்யா. ஒடைஞ்சாத்தானே அடுத்த வருசம் எம்மவன் கை பழகும்?" நான் அதனைத் தன் வருவாயைக் காக்க விழைபவரின் பேச்சாகக் கருதினேன். சிமெண்டுக் குதிரையே எழுந்தது.

பிடிமண் நின்றது. விழா, மாலை சாத்துவதோடு முடிந்தது. வேளாரின் மகன், என் வகுப்பிலே முன் வரிசையில் அமர்ந்திருந்தவன், கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் சென்றான். நானும் வெவ்வேறு ஊர்களுக்கு மாற்றலாகித் தலைமையாசிரியனாக உயர்ந்து, 2018-இல் ஓய்வு பெற்று முத்துப்பேட்டைக்குத் திரும்பினேன். அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையேறி எங்கள் தென்னைகளையும் அலையாத்திக் காட்டையும் சிதைத்தது. அறந்தாங்கிப் பக்கமும் அது விட்டுவைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அந்தச் சிற்றூருக்குச் சென்றேன். ஐயனார் கோயில் மரம் முறிந்து சிமெண்டுக் குதிரையின் மேல் விழுந்திருந்தது. ஒடிந்த கழுத்திலே துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. புயலை மட்டும் குறை சொல்லுதல் தகாது. விரிசல் வழியே மழைநீர் புகுந்து இரும்பு துருப்பிடித்தால், துரு இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கேட்கும். உள்ளிருந்தே சிமெண்டைப் பிளக்கும். அழியாதது என்று நான் சான்று கூறிய குதிரை நின்றது இருபத்திரண்டு ஆண்டுகள்.

மண் குதிரைகளும் உடைந்து கிடந்தன. ஆனால் அவை உடைவதற்கென்றே பிறந்தவை. ஒன்று உடைய, மற்றொன்று பிறக்கும். அவ்வாறு பிறக்கும்போது ஒரு மகன் தந்தையிடம் கற்றுக்கொள்வான். ஜப்பான் நாட்டில் இசே என்னும் திருக்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகின்றனர்; 2013-இல் அறுபத்திரண்டாவது முறை கட்டினர். கட்டடம் பழையதன்று, கட்டும் கை பழையது. உடைந்தால்தான் கை பழகும் என்று நம் வேளார் சொன்னதும் இதுவே. பொருளைக் காப்பதா, கையைக் காப்பதா என்ற கேள்வி வந்த அந்த நாளில் ஆசிரியனாகிய நான் பொருளின் பக்கம் நின்றேன். எழுத்தறியாத அவர் கல்வியின் பக்கம் நின்றார். இதைவிட ஓர் ஆசிரியனுக்கு நாணம் தருவது வேறு என்ன?

2023-ஆம் ஆண்டு வைகாசியில் அவ்வூரார் மீண்டும் பிடிமண் கொடுத்தனர். செய்தி கேட்டு நானும் சென்றேன். வேளார் எண்பதைக் கடந்துவிட்டார், பார்வை மங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த மகன்தான் மண் மிதித்தான். ஐம்பது வயதை எட்டும் அவன் பெரிய உருவம் எதனையும் தனியே செய்ததில்லை. நாலடியில் மூன்று புரவிகள் செய்தான். மிதித்த மண்ணைத் தந்தையின் கையில் கொடுத்தான். விரல்களிடையே உருட்டிப் பார்த்த கிழவர், "உமி பத்தல" என்றார். மகன் இன்னும் இரண்டு முறம் உமி தூவி மிதித்தான். ஆயினும் சூளை பிரித்தபோது ஒன்று முதுகிலே பிளந்திருந்தது. இரண்டு தேறின. தேறியவற்றைத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, முதியவர் தலையசைத்தார். பிளந்ததைத் தடவியவாறு, "தீய முடுக்கிட்டே, அடுத்த வருசம் பாரு" என்றார். நான் அவர் அருகே சென்று 1996-ஆம் ஆண்டுக் கூட்டத்தை நினைவூட்டி, என் பிழையை ஒப்புக்கொண்டேன். "அதெல்லாம் போவுது வாத்தியாரய்யா. பையன் கை இன்னும் மறக்கல, பாத்தீங்கள்ல?" என்றார்.

இன்று ஐயனார் புரவிகளைத் தலைநகர் தில்லியின் கைவினைக் காட்சிச்சாலையிலும், 1996-இல் தொடங்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் காணலாம். புதுச்சேரி வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஏரி குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் உழவரும் குயவரும் வட்டாட்சியரின் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுப்பதற்கு அரசு 2024-இல் வழிசெய்தது. இவை நல்லவை, வரவேற்கத்தக்கவை. எனினும் காட்சிச்சாலை காப்பது குதிரையை. காலுக்குத் தெரிந்த அளவையும், புகையின் நிறத்தைப் படிக்கும் கண்ணையும் காப்பவை ஊராரின் பிடிமண்ணும், உடையும் புரவிகளுமே.

ஆகவே உங்கள் ஊரிலும் அழியாத குதிரை ஒன்று எழுப்பலாம் என்று யாரேனும் சொன்னால், கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அன்று நான் கேட்கத் தவறினேன்.